பாலைவனத்தில் பிறந்த பனிச் சேமியா!

மின்சாரம் இல்லாத காலத்திலேயே கோடையில் ஐஸ் சாப்பிட்ட மக்கள்

சுட்டெரிக்கும் வெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும் பாறையும்தான். மழை என்பது எப்போதோ ஒரு முறை வந்துபோகும் விருந்தாளி.

அப்படிப்பட்ட ஊரின் கடைவீதியில் ஒருவர் உட்கார்ந்து, கிண்ணம் நிறைய ஐஸ் சாப்பிடுகிறார்!

இன்று நடந்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது; ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் மின்சாரம் என்ற சொல்லையே உலகம் அறியாத காலத்தில் இது நடந்தது.

நடந்த இடம், பாரசீகம். 1935-ம் ஆண்டு முதல் உலகம் அதை "ஈரான்" என்று அழைக்கிறது.

அந்த நாட்டு மக்கள் உருவாக்கிய குளிர்ந்த இனிப்பின் பெயர் "பாலூதே". அதன் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பால் இல்லாத பாலூதே

பெயரைக் கேட்டதும் பாலில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரு சொட்டுப் பால் கூடக் கிடையாது!

வெள்ளை நூல் போல மெல்லிய சேமியா. அதைச் சுற்றிலும் பாதி உறைந்த சர்க்கரைப் பாகு. பாகில் ரோஜாப் பன்னீரின் மணம். மேலே எலுமிச்சம் பழச் சாறு. இவ்வளவுதான் பாலூதே.

சேமியாவைப் பல்லில் கடித்தால் "நறுக்" என்று இருக்கும். பாகு நாக்கில் பட்டதும் கரையும். இனிப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

ஈரானின் தெற்கே உள்ள ஷிராஸ் நகரம் இதற்குப் பெயர் போனது. திருநெல்வேலி என்றால் நமக்கு அல்வா நினைவு வருகிறது அல்லவா? அதுபோல ஈரானியர்களுக்கு ஷிராஸ் என்றால் பாலூதே.

பெயர் வந்த விதம்

திருநெல்வேலி அல்வாவுக்கும் பாலூதேக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு.

அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பால் எடுக்கிறோம். அந்தப் பாலை அப்படியே வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். பழைய பாலூதேக்கும் அந்தக் கோதுமை மாவுதான் ஆதாரம். இப்போது சோள மாவிலும் செய்கிறார்கள்.

பாரசீக மொழியில் "பாலூதன்" என்றால் வடிகட்டுதல், சுத்தம் செய்தல் என்று பொருள். வடிகட்டி எடுத்ததால் "பாலூதே" என்று பெயர் வந்தது.

இந்தப் பண்டம் அரபு நாட்டாரிடம் போனது. "பல்", "படம்" என்று நாம் அழுத்திச் சொல்லும் "ப" ஒலி அரபு மொழியில் கிடையாது. ஆகவே அவர்கள் காற்றை ஊதுவது போல "ஃபாலூதஜ்" என்றார்கள். இன்று ஈரானிலும் பெரும்பாலோர் "ஃபாலூதே" என்றே சொல்கிறார்கள். ஷிராஸ்காரர்கள் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

ஏழைப் பையனும் அரண்மனைப் பண்டமும்

பாலூதே இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழமை உடையது என்று சொல்லிக்கொள்வார்கள். ஏட்டில் உறுதியாகக் கிடைப்பது அதற்கு வெகு காலம் பிந்தியது. 10-ம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வர்ராக் என்பவர் ஒரு சமையல் நூல் எழுதினார். அதில் இந்தப் பண்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

ஆனால் அது குளிர்ந்த பண்டம் அல்ல! மாவையும் தேனையும் அடுப்பில் வைத்துக் கிண்டிய களி. ஏறக்குறைய நம் அல்வாவின் அண்ணன் என்று சொல்லலாம்.

அது அப்போது ஏழைகளுக்கு எட்டாத பண்டமாக இருந்தது. அதைப் பற்றி அரபு நாட்டில் வழிவழியாக ஒரு கதை சொல்லுகிறார்கள்.

கூபா என்ற ஊரில் தகப்பன் இல்லாத ஒரு பையன் இருந்தான். தாய் நூல் நூற்று வயிறு வளர்த்தாள். பையனை ஒரு சலவைக்காரரிடம் வேலைக்கு விட்டாள். அவனோ வேலைக்குப் போகாமல், இமாம் அபூ ஹனீபா பாடம் சொல்லும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வான்.

ஒரு நாள் தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியரிடமே போனாள்.

"பெரியவரே! இவன் நாலு காசு சம்பாதிக்க வேண்டிய பையன். நீங்கள் இவனைக் கெடுக்கிறீர்களே!" என்றாள்.

அவர் சிரித்தார். "கவலைப்படாதீர்கள் அம்மா! பிஸ்தா எண்ணெய் விட்ட பாலூதே சாப்பிட இவன் இங்கே படித்துக்கொண்டிருக்கிறான்" என்றார்.

"வயதாகி இவருக்குப் புத்தி பிசகிவிட்டது" என்று முணுமுணுத்துக்கொண்டே தாய் போய்விட்டாள்.

ஆண்டுகள் ஓடின. அந்தப் பையன் அபூ யூசுப் என்ற பெயரில் நாட்டின் தலைமை நீதிபதி ஆனார். 786-ம் ஆண்டு முதல் 809-ம் ஆண்டு வரை ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீத், ஒரு நாள் அவரை விருந்துக்கு அழைத்தார். தட்டில் ஏதோ ஒரு பண்டம் வந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் அபூ யூசுப்.

"பிஸ்தா எண்ணெய் விட்ட பாலூதே" என்றார் கலீபா.

அபூ யூசுப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழைய கதையைச் சொன்னார். "படிப்பு மனிதனை எவ்வளவு உயர்த்துகிறது!" என்று கலீபா வியந்தாராம்.

கதை எப்படியானாலும் ஒன்று தெரிகிறது. அன்று பாலூதே அரண்மனைத் தட்டில் இருந்தது. நூல் நூற்ற தாய் அதைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

அந்த அரண்மனைப் பண்டத்தைக் குளிர வைத்துக் கடைவீதிக்குக் கொண்டுவந்தது எது? ஐஸ்!

ஐஸ் குழி

பாலைவனத்தில் ஐஸ் ஏது? இங்கேதான் பாரசீகத் தொழிலாளர்களின் மூளையும் கையும் வருகின்றன.

மலை உச்சியிலிருந்து பனியை வெட்டி, மிருகங்களின் முதுகில் ஏற்றிக் கொண்டுவருவது ஒரு வழி. அது செலவு பிடித்த வழி. மலைக்குத் தொலைவில் உள்ள ஊர்களுக்கு அது சரிப்படாது.

ஆகவே அவர்கள் ஐஸை ஊரிலேயே விளைவித்தார்கள்!

அதற்காகக் கட்டிய கட்டடத்தின் பெயர் "யக்சால்". "யக்" என்றால் ஐஸ். "சால்" என்றால் குழி.

தூரத்திலிருந்து பார்த்தால், பூமியில் கவிழ்த்து வைத்த பிரம்மாண்டமான மண் கூம்பு போல இருக்கும். சில கூம்புகள் 50 அடி உயரத்துக்கும் மேலானவை. உள்ளே பூமிக்கு அடியில் ஆழமான குழி. பக்கத்தில் கிழக்கு மேற்காக நீண்ட உயரமான மண் சுவர். சுவரின் வடக்கே, நிழல் விழும் பக்கத்தில், ஆழம் இல்லாத தொட்டிகள்.

தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மலை அடிவாரத்தில் ஊற்று இருக்கும். அங்கிருந்து ஊர் வரை பூமிக்கு அடியில் லேசான சரிவாகச் சுரங்கம் தோண்டுவார்கள். அதற்குக் "கனாத்" என்று பெயர். இறைக்க வேண்டியதில்லை, ஏற்றம் வேண்டியதில்லை. தண்ணீர் தானாக ஓடிவரும். இந்தக் கனாத்துகளில் பதினொன்றை 2016-ம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஒரே இரவில்!

பாரசீகப் பாலைவனத்தில் கோடைப் பகல் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிர்கால இரவோ உடலை நடுங்க வைக்கும்.

அந்தக் குளிர்கால இரவில்தான் வேலை தொடங்கும். தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவார்கள். விடிவதற்குள் அது உறைந்துவிடும்.

மறு இரவு, உறைந்த ஐஸின் மேலேயே இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதுவும் உறையும். இப்படி அடுக்கடுக்காக ஐஸ் தடித்துக்கொண்டே போகும். பிறகு அதை உடைத்துக் குழிக்குள் கொண்டுபோய்ப் போடுவார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் கூடத் தொட்டித் தண்ணீர் உறையும்! எப்படி?

மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. மேகம் மூடிய இரவில் புழுக்கமாக இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் மார்கழி இரவில் பனி கொட்டுகிறது. இது நமக்குத் தெரிந்ததுதான். பாலைவன வானத்தில் மேகமும் இல்லை. காற்றில் ஈரமும் இல்லை. போர்வை இல்லாத தண்ணீர் தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிட்டு உறைந்துபோகிறது.

பகலில் வெயில் வந்தால்? அதற்குத்தான் அந்த உயரமான சுவர். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். சுவரின் வடக்கே நாள் முழுவதும் நிழல். சுவர் காற்றையும் தடுக்கும்.

இயந்திரம் இல்லை, மருந்து இல்லை. சுவர், தண்ணீர், வானம் மூன்றும்தான் முதல்!

முட்டை வெள்ளைக் கரு பூசிய வீடு

ஐஸ் செய்வது பாதி வேலை. அதைக் கோடை வரை காப்பாற்றுவது மீதிப் பாதி.

கூம்பின் சுவர் அடிப்பகுதியில் சுமார் 2 மீட்டர் தடிமன் இருக்கும். மண் கல்லால் கட்டி, மேலே "சாரூஜ்" என்ற காரையைப் பூசுவார்கள். களிமண், மணல், சுண்ணாம்பு, சாம்பல், ஆட்டு ரோமம், முட்டையின் வெள்ளைக் கரு எல்லாம் சேர்ந்தது அந்தக் காரை. அதில் தண்ணீர் இறங்காது. வெளியே கொளுத்தும் சூடு உள்ளே போவதும் கஷ்டம்.

சூடான காற்று மேலே போகும் அல்லவா? அது வெளியேறக் கூம்பின் உச்சியில் துளை. ஐஸ் பாளங்களுக்கு இடையிலும் மேலேயும் வைக்கோல். உருகும் தண்ணீர் தேங்கி நின்றால் மற்ற ஐஸையும் கரைத்துவிடும். ஆகவே அது வடிந்துபோகக் குழியின் அடியில் வழி.

கோடை வந்ததும் கதவைத் திறப்பார்கள். ஐஸ் கடைவீதிக்கு வரும்.

17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு நகை வியாபாரி ழான் ஷார்தான் பாரசீகத்தில் பல ஆண்டுகள் தங்கினார். அந்த நாட்டார் ஐஸ் செய்யும் முறையைப் பார்த்துத் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

ஐஸ் ஊரில் தாராளமாகக் கிடைத்தால் என்ன ஆகும்? சர்பத் குளிரும். பழச்சாறு குளிரும். அடுப்பிலிருந்து இறக்கிய மாவுக் களியும் ஐஸ் தண்ணீரில் இறங்கும். அரண்மனை விருந்தில் இருந்த பாலூதே குளிர்ந்த சேமியாவாகி, தெருவில் போகிறவர் வாங்கிச் சாப்பிடும் பண்டம் ஆயிற்று.

செய்முறை

பாலூதே செய்வதைப் பார்த்தால் நம் வீட்டு இடியாப்பம் நினைவுக்கு வரும். ஆனால் எல்லாம் தலைகீழ்!

இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்துவிட்டுப் பிறகு வேகவைக்கிறோம். பாலூதேக்கு முதலில் மாவைத் தண்ணீரில் கரைத்து, வடகக் கூழ் போலக் கண்ணாடியாகும் வரை கிண்டுகிறார்கள். அதைச் சூட்டோடு சூடாகச் சிறு துளைகள் உள்ள அச்சில் விட்டு அழுத்துகிறார்கள். கீழே ஐஸ் தண்ணீர் காத்திருக்கும். அதில் விழுந்ததும் இழைகள் விறைத்து நூலாகிவிடும்.

அந்த நூல்களைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் குளிர வைக்க வேண்டும். பழைய முறையில், பாத்திரத்தைச் சுற்றி ஐஸையும் உப்பையும் நிரப்புவார்கள். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் பல மடங்கு கடுமையாகும்.

இவ்வளவு குளிரிலும் பாகு கல்லாக உறைவதில்லை. சர்க்கரை இருப்பதே காரணம். சர்க்கரைத் தண்ணீர் வெறும் தண்ணீரைப் போலச் சீக்கிரம் உறையாது. அடிக்கடி கிளறிக்கொண்டே இருந்தால், மணல் மணலாகப் பாதி உறைந்து நிற்கும்.

மணத்துக்குப் பன்னீர். காஷான் நகருக்கு அருகில் உள்ள கம்சார், ரோஜாப் பன்னீருக்குப் பேர் பெற்ற ஊர். மே மாதத்தில் வெயில் ஏறுமுன்பே பூப்பறித்து, செம்புப் பானைகளில் காய்ச்சி வடிப்பார்கள். பாரசீக மொழியில் "குல்" என்றால் பூ. "ஆப்" என்றால் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் "குலாப்". நம் கடைகளில் விற்கும் குலாப் ஜாமூனுக்கும் அந்தப் பெயர்தான் வந்திருக்கிறது!

கிழக்கே புறப்பட்டது

பாலூதே ஈரானோடு நின்றுவிடவில்லை.

மொகலாயர் காலத்தில் டில்லி, ஆக்ரா அரண்மனைகளில் பாரசீக மொழியும் பாரசீகச் சமையலும் செல்வாக்குப் பெற்றிருந்தன. அக்பரின் மந்திரி அபுல் பசல் எழுதிய "அயினி அக்பரி" நூலில், வெடிமருந்துக்குப் பயன்படும் வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிர வைத்த செய்தி இருக்கிறது. 1586-ம் ஆண்டு முதல் வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனி வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கோடையில் எல்லாரும் வாங்கினார்களாம். பெரிய மனிதர்கள் ஆண்டு முழுவதும் வாங்கினார்களாம்!

இந்தியாவுக்கு வந்த பாலூதே உருவம் மாறியது, "பலூடா" ஆயிற்று. இங்கே அதில் பால் சேர்ந்தது. ரோஜா சர்பத் சேர்ந்தது. தண்ணீரில் ஊறி வழவழப்பாகும் சப்ஜா விதை சேர்ந்தது. பின்னால் ஐஸ்கிரீமும் மேலே ஏறி உட்கார்ந்தது.

19-ம் நூற்றாண்டில் ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பம்பாய்க்குப் பலர் குடியேறினார்கள். அவர்கள் வைத்த "இரானி" ஓட்டல்களிலும் பலூடா விற்றது. பார்சி மக்கள் மார்ச் மாத நவ்ரோஸ் புத்தாண்டில் பலூடா அருந்துவது வழக்கம்.

இலங்கையிலும் பர்மாவிலும் பலூடா உண்டு. தமிழர்கள் வாழும் மொரீஷியஸ் தீவில் அதன் பெயர் "அலூடா". சென்னையில் பலூடா குடிக்கும் பையனும் போர்ட் லூயி சந்தையில் அலூடா குடிக்கும் பையனும், ஷிராஸ் நகரப் பாலூதேயின் உறவைத்தான் ருசிக்கிறார்கள்.

யக்சால் என்ன ஆயிற்று?

20-ம் நூற்றாண்டில் ஐஸ் தொழிற்சாலைகள் வந்தன. தொட்டி ஐஸில் தூசியும் அழுக்கும் சேரும்; தொழிற்சாலை ஐஸ் சுத்தமாக இருந்தது. பிறகு வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது. யக்சால்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

கவனிப்பார் இல்லாமல் பல இடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. மண் கட்டடம் அல்லவா? அவ்வப்போது பூசி மெழுகினால்தான் நிற்கும். குளிர்கால இரவில் தண்ணீர் பாய்ச்சி, ஐஸ் உடைத்த தொழிலாளியின் வேலையும் அதோடு போயிற்று. எந்த இரவில் எவ்வளவு தண்ணீர் விடலாம் என்பது அவர் கைக்குத் தெரிந்த கணக்கு.

சில யக்சால்கள் பிழைத்தன. யஸ்த் நகருக்கு அருகே மெய்போத் என்ற ஊரில் ஒன்று இருக்கிறது. யஸ்திலிருந்து ஷிராஸ் போகும் வழியில் அபர்கூ என்ற ஊரிலும், கெர்மான் நகரிலும் பெரிய யக்சால்கள் நிற்கின்றன. உள்ளே ஐஸ் இல்லை. பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பெயர் மட்டும் சாகவில்லை. இன்று ஈரானிய வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? "யக்சால்" என்றுதான்!

நீங்களும் செய்யலாம்

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் பாலூதே செய்வது சுலபம்.

2 டம்ளர் தண்ணீரில் 1½ டம்ளர் சர்க்கரையைப் போட்டு, கரையும் வரை கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். 2 மேஜைக் கரண்டி பன்னீர் சேருங்கள். கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் வேண்டாம். சமையலுக்கு என்று விற்பதை வாங்க வேண்டும். பாத்திரத்தை ஐஸ் உறையும் தட்டில் சுமார் 1 மணி நேரம் வையுங்கள்.

ஒரு கைப்பிடி மெல்லிய அரிசி சேமியாவை நன்றாக வேகவைத்து வடித்து, ஐஸ் தண்ணீரில் போட்டுச் சிறிதாக வெட்டுங்கள். ஓரம் உறைய ஆரம்பித்த பாகில் அதைக் கலந்து, மறுபடியும் உள்ளே வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை முள் கரண்டியால் கிளறுங்கள். சுமார் 3 மணி நேரத்தில் பாலூதே தயார்.

எலுமிச்சம் பழத்தைச் சாப்பிடும்போதுதான் பிழிய வேண்டும். ஷிராஸ் கடைகளிலும் அப்படித்தான். அங்கே கரீம் கானின் பழைய கோட்டையைச் சுற்றி இன்றும் பாலூதே கடைகள் இருக்கின்றன. ஐஸை இப்போது இயந்திரம் செய்கிறது. எவ்வளவு புளிப்பு வேண்டும் என்பது மட்டும் சாப்பிடுகிறவர் கையில்!